வாய் மூடிய நாழி

மலாய்க்காரர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது. ‘சுடா செசுப்பாக், தாக்கான் ஜாடி செகந்தாங்.’ ஒரு சுப்பாக் என்று விதித்தாகிவிட்டது, இனி அது ஒரு கந்தாங் ஆகாது. நான்கு சுப்பாக் சேர்ந்தால்தான் ஒரு கந்தாங். ஔவையாரின் மூதுரையிலும் இதே போல ஒரு பேச்சு வருகிறது. கடலுக்குள் எவ்வளவு ஆழமாக அமுக்கி முகந்தாலும் ஒரு நாழிப் பாத்திரம் நான்கு நாழித் தண்ணீரைக் கொண்டுவராது என்கிறார். அங்கேயும் நான்கு, இங்கேயும் நான்கு. இரண்டுமே விதியைப் பற்றிப் பேசுகின்றன. உனக்கு அமைந்த பாத்திரம் இவ்வளவுதான், கிடைப்பதும் இவ்வளவுதான் என்று இரண்டு மொழிக்காரர்களும் அளவுப் பாத்திரத்தைக் காட்டித்தான் சமாதானம் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் ஔவை கெட்டிக்காரர். அவர் கடல் தண்ணீரை உதாரணம் சொன்னார், நெல்லைச் சொல்லவில்லை. தண்ணீர் விளிம்போடு நின்றுவிடும். நெல் நிற்காது. விளிம்புக்கு மேலே கூம்பாக எழும்பும். ஆகவே நாழி நெல்லில் ஒரு நாழியும் இருக்கலாம், ஒன்றேகாலும் இருக்கலாம், மனசாட்சி இல்லாதவன் கையில் ஒன்றரையும் இருக்கலாம். பாத்திரம் மாறாது. பாத்திரத்தின் வாயும் அதைப் பிடித்திருக்கும் கையும்தான் மாறும். அந்த வாயைப் பற்றியும், பிறகு ஒரு நாட்டில் அந்த வாயை மூடியே விட்டதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

நாழி என்ற சொல்லுக்கே குழாய் என்றுதான் பொருள். உள்ளே பொள்ளலான எதுவும் நாழிதான். மூங்கிலைக் கணுவுக்குக் கீழே வெட்டினால் அடி மூடிய, வாய் திறந்த உருளை தயாராகிவிடும். மலாய்க் கம்பத்துச் சுப்பாக்கும் மூங்கிலில் வெட்டப்பட்டது, தேங்காய்ச் சிரட்டையிலும் செய்யப்பட்டது. காட்டில் இருந்து நேராக வந்த அளவைக்கருவி இது. தச்சரும் வேண்டாம், கன்னாரும் வேண்டாம்.

இதன் கொள்ளளவைக் கணக்கிடுவது நமக்குப் பள்ளிப் பாடம். வட்டத்தின் பரப்பைக் கண்டுபிடி, ஆழத்தால் பெருக்கு. வட்டத்தின் பரப்புக்குக் காரி நாயனாரின் கணக்கதிகாரம் ஒரு அழகான வழி சொல்கிறது. சுற்றளவில் பாதியை எடு, விட்டத்தில் பாதியை எடு, இரண்டையும் பெருக்கு. அவ்வளவுதான். நம் வீடுகளில் அரிசி அளக்கும் கெட்டிப்பால் டின்னையே எடுத்துக்கொள்வோம். விட்டம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர், சுற்றளவு 22. பாதிகள் மூன்றரையும் பதினொன்றும். பெருக்கினால் முப்பத்தெட்டரை. ஆழம் 8 என்றால் 308 கன சென்டிமீட்டர். உள்ளீடற்ற உருளை என்று பாடப்புத்தகம் பயமுறுத்துகிற வடிவத்தின் கணக்கு, டின்னைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளந்தாலே முடிந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு வழியும் தமிழ் மரபில் இருந்தது. வடிவத்தை விட்டுவிட்டு நெல்லையே எண்ணுவது. 360 நெல் கொண்டது ஒரு செவிடு. 5 செவிடு ஒரு ஆழாக்கு. 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி. பெருக்கிப் பாருங்கள், ஒரு நாழிக்கு 14,400 நெல். நாழிக்கு மேலே குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று வாய்ப்பாடு ஏறிக்கொண்டே போகும். யாராவது உட்கார்ந்து 14,400 நெல்லை எண்ணினார்களா என்று கேட்கக் கூடாது. எண்ணியிருந்தாலும் விளைச்சலுக்கு விளைச்சல் நெல்லின் பருமன் மாறும். ஆனால் அந்த எண்ணத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பாத்திரம் யாருடையதாக இருந்தாலும் நெல் எத்தனை என்பதே பேச்சு என்கிறது அது.

நடைமுறையில் பாத்திரம் யாருடையது என்பதுதான் முதல் பேச்சாக இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லைக் குறிப்பிடும்போது வெறுமனே இத்தனை கலம் என்று நிறுத்துவதில்லை. ராஜகேசரிக்குச் சமமான ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்த நெல் என்று எழுதுகிறார்கள். இறைவனின் பெயர் மரக்காலுக்கு, அதற்குச் சமமான அளவைக்கு அரசனின் பட்டப்பெயர். வேறு கல்வெட்டுகளில் ‘பிழையா நாழி’ என்றுகூட ஒரு அளவை வருகிறது. இந்தப் பெயரை முதன்முதலாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிழைபடாத நாழி என்று ஒன்றுக்குப் பெயர் வைக்கிறார்கள் என்றால் ஊரில் மற்ற நாழிகளின் லட்சணம் என்னவாக இருந்திருக்கும்?

பிழை எங்கே நுழைகிறது என்பதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். பால் டின் ஒன்று, சமையல் தராசு ஒன்று, அரிசி. டின்னில் அரிசியைக் கொட்டி விளிம்போடு ஒரு அளவுகோலால் வழித்துவிட்டேன். தலைதட்டி அளப்பது என்பது இதுதான். 255 கிராம் வந்தது. அடுத்து, தானாகச் சரிந்து விழும்வரை குவித்தேன். 280 கிராமுக்குச் சற்று மேல். மூன்றாவதாக டின்னை மேசையில் நாலு தட்டுத் தட்டி, அரிசி அமுங்கிய பிறகு நிரப்பித் தலைதட்டினேன். 270ஐத் தாண்டியது. ஒரே டின், மூன்று பதில். அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “கடைக்காரன் பொழப்ப நீ ஏன்டா பாக்குற?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு அட்டையில் ஒரு வளையம் செய்தேன். விட்டம் 14 சென்டிமீட்டர், ஆழம் 2 தான். தட்டு மாதிரி இருக்கும். இதன் கொள்ளளவைக் கணக்குப் போட்டால் அதே 308. விட்டம் இரண்டு மடங்கு ஆனதால் வட்டப் பரப்பு நான்கு மடங்காகிவிட்டது. ஆழத்தை நான்கில் ஒன்றாக்கிவிட்டேன். கணக்கின்படி இதுவும் பால் டின்னும் ஒரே அளவை. தலைதட்டி அளந்தால் ஒன்றேதான், 255 கிராம். ஆனால் குவித்து அளந்தபோது தராசு 430 கிராமைத் தாண்டிப் போய்விட்டது!

காரணம் எளிது. உருளைக்குள் இருப்பது ஆரத்தின் வர்க்கத்தோடு ஆழத்தைப் பெருக்கினால் கிடைக்கும். மேலே எழும்புகிற கூம்புக்கு ஆழத்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதன் அகலம் பாத்திரத்தின் வாயைப் பொறுத்தது, அதன் உயரமும் வாயைத்தான் பொறுத்தது. ஏனென்றால் அரிசிக்கு ஒரு சரிவு உண்டு, அதைவிடச் செங்குத்தாக அது நிற்காது. ஆகவே கூம்பு ஆரத்தின் கனத்தைப் போல வளரும். வாய் இரண்டு மடங்கு ஆனால் கூம்பு எட்டு மடங்கு. ஐந்து விரற்கடை போனால் மூன்று விரற்கடை ஏறுகிற சரிவு என்று வைத்துக்கொண்டால் ஒரு மனக்கணக்கு கிடைக்கிறது. ஆரத்தை ஆழத்தால் வகு, அதை மறுபடி ஐந்தால் வகு. குவியல் எத்தனை பங்கு கூடுதல் என்பது வந்துவிடும். மூங்கில் நாழியைப் போல ஆழம் ஆரத்தைவிட நான்கு மடங்கு இருந்தால் நூற்றுக்கு ஐந்துதான் கூடுதல். ஆழமும் ஆரமும் சமம் என்றால் நூற்றுக்கு இருபது. என் அட்டை வளையத்துக்கு நூற்றுக்கு எழுபது.

இந்தக் கணக்கை எழுதத் தெரியாதவர்களுக்கும் இதன் பலன் தெரிந்திருந்தது. வித்தோல்டு குலா என்ற போலந்துப் பொருளாதார வரலாற்றாசிரியர் 1970இல் அளவைகளையும் மனிதர்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். ஐரோப்பியக் குடியானவர்கள் கொடுத்த தானியக் குத்தகையை அவர் அளவைகளின் வழியாகப் படித்தார். குத்தகையின் எண்ணிக்கையை உயர்த்தினால் ஊர் கலகம் செய்யும். வழக்கத்தில் இத்தனை படி என்று இருப்பதை யாரும் தொட முடியாது. ஆனால் பாத்திரத்தைத் தொடலாம். வாயை அகலமாக்கலாம். வாங்கும்போது குவித்தும் கொடுக்கும்போது தலைதட்டியும் அளக்கலாம். தானியத்தைத் தோளுயரத்தில் இருந்து கொட்டச் சொல்லலாம், விழுகிற வேகத்தில் அது தானாக அமுங்கும். ஏட்டில் எண் மாறாமலே களத்தில் நெல் குறைந்துகொண்டிருக்கும். 1789இல் பிரெஞ்சுக் குடிமக்கள் அரசனுக்கு எழுதிய குறைப்பட்டியல்களில் நாடு முழுவதும் ஒரே அளவை வேண்டும் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. அது அறிவியல் ஆசையால் எழுதப்பட்டது என்று நான் நம்பவில்லை. பசித்தவன் எழுதிய கோரிக்கை அது.

நம் ஊரில் படி அளக்கிறவர் முதல் படியை ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார், ‘லாபம்’ என்பார். லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணிக்கை போகும். மங்கலச் சொல் என்று சொல்வார்கள். யாருக்கு லாபம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஜப்பானியர்களின் கதை இன்னும் நுட்பம். அவர்களுடையது உருளை அல்ல, மரப்பெட்டி. ஐந்துக்கு ஐந்து அகலமும் இரண்டரை ஆழமும் கொண்டிருந்த பெட்டியை எடோ அரசு 1669இல் மாற்றியது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி குறைத்து 4.9 ஆக்கினார்கள், ஆழத்தில் இரண்டு புள்ளி கூட்டி 2.7 ஆக்கினார்கள். இங்கே குறைத்ததை அங்கே கூட்டிவிட்டோம், கணக்கு சரி என்று தோன்றும். பெருக்கிப் பார்த்தால் 62.5 இருந்த இடத்தில் 64.8. வரியாகப் போகும் அரிசியில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு கூடிவிட்டது. இந்தப் பெட்டியின் பத்தில் ஒரு பங்குதான் நம் வீட்டு ரைஸ் குக்கரோடு வரும் 180 மில்லி பிளாஸ்டிக் கப்.

இங்கிலாந்துக்காரர்கள் பாத்திரத்தின் வடிவத்தையே சட்டமாக எழுதிவைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வந்த சட்டம் வின்செஸ்டர் புஷல் என்பதை வரையறுத்தது. வட்டமான பாத்திரம், அடி தட்டையாக இருக்க வேண்டும், எங்கும் பதினெட்டரை அங்குல அகலம், 8 அங்குல ஆழம். கணக்கிட்டால் 2,150.42 கன அங்குலம். அமெரிக்காவில் இன்றும் புஷல் என்றால் இதுதான்.

அவர்களுடைய மது கேலன் கதை இன்னும் சுவாரஸ்யமானது. கேலனுக்கு இவ்வளவு என்று வரி. அப்படியானால் கேலன் என்பது எவ்வளவு? வழக்கமாக 231 கன அங்குலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். லண்டன் கில்டுஹாலில் இருந்த மாதிரிப் பாத்திரத்தை 1688இல் அளந்து பார்த்தால் 224தான் இருந்தது. கடைசியில் ஆன் அரசியின் காலத்தில் சட்டம் போட்டார்கள். 7 அங்குல விட்டமும் 6 அங்குல ஆழமும் உள்ள உருளை, அல்லது 231 கன அங்குலம் கொள்ளும் எந்தப் பாத்திரமும், ஒரு கேலன். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. விட்டம் 7, ஆழம் 6 என்று எடுத்து, பை என்பதற்கு 22/7 போட்டால் சரியாக 231 வரும். உண்மையான பை போட்டால் 230.9. பள்ளிப் பையன் போடும் தோராயத்தை ஒரு நாடாளுமன்றம் சட்டமாக்கிவிட்டது. அந்த 231ஐத்தான் அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்கள் இன்றுவரை கேலன் என்று ஊற்றிக்கொண்டிருக்கின்றன.

திரவத்துக்கு இது போதும். குவியும் பொருளுக்கு? 1824ஆம் ஆண்டுச் சட்டம் குவியலையும் விடவில்லை. நிலக்கரி, சுண்ணாம்பு, மீன், உருளைக்கிழங்கு, பழம் ஆகியவற்றைக் குவித்து அளக்கலாம். புஷலின் வெளி விட்டம் பத்தொன்பதரை அங்குலம் இருக்க வேண்டும், கூம்பு குறைந்தது 6 அங்குலம் எழ வேண்டும், கூம்பின் அடி பாத்திரத்தின் வெளி விளிம்பைத் தொட வேண்டும். வெளி விட்டத்தை ஏன் சொன்னார்கள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. உள் விட்டம் எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்கிறது. வெளி விட்டம் விளிம்பின் தடிமனையும் சேர்த்துக் குவியலின் அடியைச் சொல்கிறது. பாத்திரச் சுவரின் தடிமன்கூட ஒருவனுக்குக் கிழங்கு, இன்னொருவனுக்கு நஷ்டம். அந்தக் கூம்பைக் கணக்கிட்டால் 597 கன அங்குலம், பாத்திரத்துக்குள் இருப்பதில் கால் பங்குக்கும் மேல். பதினோரு ஆண்டுகள்தான் தாக்குப்பிடித்தது. 1835இல் குவித்து அளப்பதையே ஒழித்துவிட்டு, நிலக்கரியை எடை போட்டுத்தான் விற்க வேண்டும் என்றார்கள். நிலக்கரிக் கட்டியை உடைத்தால் இடைவெளி கூடி அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். வியாபாரிகளுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. எடையை உடைத்துப் பெருக்க முடியாது.

எடை என்றால் எந்த எடை? அங்கேதான் வாய் மூடிய உருளை வருகிறது.

பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் எடைக்கும் கொள்ளளவுக்கும் ஒரே முடிச்சுப் போட நினைத்தார்கள். மீட்டரில் பத்தில் ஒரு பங்கை விளிம்பாகக் கொண்ட ஒரு கனசதுரம், அதை நிரப்பும் தூய நீர், அதன் பொருண்மை ஒரு கிலோகிராம். சொல்வதற்கு அழகு. செய்வதற்கு? கனசதுரப் பெட்டி செய்து நீரை நிரப்பி நிறுத்தால் பழைய வாய்ப் பிரச்சினைதான் திரும்ப வரும். நீர் விளிம்பில் லேசாக வளைந்து நிற்கும், பெட்டியின் மூலைகள் துல்லியமாக அமையாது. ஆகவே அவர்கள் தலைகீழாக யோசித்தார்கள். பாத்திரத்துக்குள் நீரை வைக்காதே, நீருக்குள் பாத்திரத்தை வை. முதலில் லவாய்சியரும் அயுய் என்பவரும் சேர்ந்து அளந்து, 1793இல் தற்காலிகமாக 18,841 குன்றிமணி என்று ஒரு எடையைச் சொன்னார்கள். நம் குன்றிமணி அல்ல, பிரெஞ்சுக்காரர்களின் கிரேன். மறு ஆண்டு மே 8ஆம் தேதி லவாய்சியரின் தலையை வெட்டினார்கள். வரி வசூல் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தது குற்றம். அளவையும் வரியும் எப்போதும் இப்படி அருகருகேதான் இருக்கின்றன.

வேலையை முடித்தவர்கள் லெபேவ்ர்-ஜினோ என்ற பிரெஞ்சுக்காரரும் பப்ரோனி என்ற இத்தாலியரும். பித்தளையில் ஒரு உருளை செய்தார்கள். உயரமும் விட்டமும் கிட்டத்தட்ட சமம், 24 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மேலும் கீழும் மூடியது, உள்ளே வெற்று. அதன் விட்டத்தையும் உயரத்தையும் பல இடங்களில் அளந்தார்கள், ஏனென்றால் எந்தக் கொல்லனும் கச்சிதமான உருளை செய்ததில்லை. கணக்கிட்டபோது வெளிக் கொள்ளளவு 11 லிட்டருக்குச் சற்று மேல் வந்தது. பிறகு அதைக் காற்றில் நிறுத்தார்கள். அடுத்து, தராசுத் தட்டின் கீழே தொங்கவிட்டு நீருக்குள் அமிழ்த்தி நிறுத்தார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த உருளை ஒதுக்கித்தள்ளிய நீரின் எடை. ஆர்க்கிமிடிஸ் சொன்னதுதான். அந்த எடையைக் கொள்ளளவால் வகுத்தால் ஒரு லிட்டர் நீர் எவ்வளவு என்பது வந்துவிடும்.

ஏன் உள்ளே வெற்றாக இருக்க வேண்டும்? அந்தப் பருமனுக்கு முழுப் பித்தளையாகச் செய்திருந்தால் 90 கிலோவுக்கு மேல் போயிருக்கும். அவ்வளவு பாரத்தில் எந்தத் தராசும் நுட்பமாகப் பேசாது. அவர்களுடைய உருளை ஏறத்தாழ பதினொன்றரைக் கிலோதான். நீருக்குள் இறக்கினால் கால் கிலோகூடத் தேறாது, மிதப்பதற்கும் மூழ்குவதற்கும் நடுவில் தயங்கி நிற்கும். பித்தளையின் அடர்த்தியை வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினொன்றரைக் கிலோ பித்தளை 1.4 லிட்டர் இடம்கூட எடுக்காது. அதை உருளையின் மேற்பரப்பு முழுவதும் பரப்பினால் சுவர் சராசரியாக அரை சென்டிமீட்டர். மீதி பத்து லிட்டருக்குள் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை அளக்க வேண்டிய தேவையும் இல்லை. நாழியில் உள்ளே இருப்பதுதான் எல்லாம். இந்த உருளையிலோ வெளியே இருப்பதுதான் எல்லாம். அளக்கிறவனின் கை போய் நிற்க விளிம்பு என்று ஒன்று இதில் கிடையாது.

18,827.15 கிரேன் என்று முடிவு வந்தது. முதலில் சொன்னதைவிடக் கிட்டத்தட்ட 14 கிரேன் குறைவு. அதன்படி பிளாட்டினத்தில் ஒரு கட்டை செய்து 1799 ஜூன் 22 அன்று ஆவணக்காப்பகத்தில் வைத்தார்கள். அதுவும் உருளைதான், ஆனால் இது உள்ளே கெட்டி.

சந்தையில் மட்டும் வாய் திறந்த பாத்திரம் உடனே போய்விடவில்லை. ஆகவே 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசு ஒரு விதி வைத்திருந்தது. தானியம் அளக்கும் மரப் பாத்திரத்துக்கு உள் விட்டமும் ஆழமும் சமமாக இருக்க வேண்டும். மது போன்றவற்றுக்கான ஈயப் பாத்திரத்துக்கு ஆழம் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு. ‘ஒரு லிட்டர்’ என்று மட்டும் சொன்னால் போதாது, என்ன வடிவத்தில் ஒரு லிட்டர் என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று புரிந்துகொண்ட விதி. நம் மனக்கணக்கைப் போட்டால் அந்தத் தானிய லிட்டரை எவ்வளவு குவித்தாலும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் தேறாது.

இந்தக் கதை மலாயாவுக்கு இங்கிலாந்து வழியாக வந்து சேர்ந்தது. அந்த 1824ஆம் ஆண்டுச் சட்டம் கேலனை உருளையின் அளவால் சொல்வதைக் கைவிட்டு நீரின் எடையால் சொன்னது. 62 பாரன்ஹீட் வெப்பநிலையில் 10 ராத்தல் நீர் எவ்வளவு இடம் கொள்ளுமோ அது ஒரு கேலன். அப்போதைய கணக்கில் 277.274 கன அங்குலம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் கந்தாங் ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. பிரிட்டிஷ் அரசு அதைப் பிடித்து ஒரு கந்தாங் என்பது ஒரு இம்பீரியல் கேலன், ஒரு சுப்பாக் என்பது ஒரு குவார்ட் என்று கட்டிப்போட்டது. கெடாவின் நெல்வயல்களில் 16 கந்தாங் ஒரு நாலே, 10 நாலே ஒரு குன்சா என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்குத் தங்கள் மூங்கில் குழாய் லண்டனில் நிறுக்கப்பட்ட 10 ராத்தல் தண்ணீரோடு பிணைக்கப்பட்டது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அரிசிக் கணக்கில் சொன்னால் ஒரு சுப்பாக் ஏறத்தாழ 950 கிராம், ஒரு கந்தாங் கிட்டத்தட்ட 3.8 கிலோ. தட்டி அளந்தால் கூடும், குவித்து அளந்தால் இன்னும் கூடும்.

பக்கத்திலேயே எடைக்கென்று காத்தியும் இருந்தது. 16 தாஹில் ஒரு காத்தி, 100 காத்தி ஒரு பிக்கூல். காத்திக்கு ஒன்றேமூன்றில் ஒரு ராத்தல், அதாவது 605 கிராம். சீனக் கடைக்காரர் கையில் தூக்கிப் பிடிக்கும் கோல் தராசில் மீனும் காய்கறியும் காத்தியில் போயின, அரிசி சுப்பாக்கிலும் காத்தியிலும் போனது. சிங்கப்பூரில் 1970இல் மெட்ரிக் வாரியம் அமைந்தது. மலேசியாவில் 1972இல் எடைகள் அளவைகள் சட்டம் வந்தது. சுப்பாக் சமையலறைக்குள் ஒதுங்கியது, அங்கிருந்து பழமொழிக்குள் போய்விட்டது. தமிழ்ப்பள்ளியில் நாங்கள் ‘பொருண்மை’ என்று எழுதிக் கிலோகிராமில் கணக்குப் போட்டபோது, வீட்டில் “ரெண்டு டின்னு அரிசி போடு” என்றுதான் பேச்சு இருந்தது.

எடை வந்தால் பாத்திரத்தின் வாயோடு இருந்த சண்டை தீர்ந்துவிடும் என்று அந்தப் பித்தளை உருளையைப் பார்த்தால் தோன்றும். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். ரப்பர் பால் வாளியில் வரும். வாளி என்பது மேலே விரிந்த நாழி. அதில் உள்ள பாலை நிறுத்தால் எடை தெரியும், ஆனால் அந்த எடையில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். தோட்டத்துக்கு வேண்டியது காய்ந்த ரப்பர், கூலிக்கணக்கும் அதை ஒட்டித்தான். ஆகவே பால் கொட்டும் இடத்தில் மெட்ரோலேக் என்ற ஒரு மானியை வைத்திருப்பார்கள். உள்ளே வெற்றான, அடிப்பக்கம் பாரம் வைத்த, நீண்ட கழுத்துள்ள மிதவை. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. பால் கெட்டியாக இருந்தால் மானி கொஞ்சம் கூடுதலாக அமிழும், தண்ணீராக இருந்தால் மேலே எழும்பி நிற்கும். பாலை நீர்க்கவைத்து மிதக்கவிட்டு, கழுத்தில் உள்ள கோட்டைப் படித்து, பெருக்கி எழுதுவார்கள். பாரிஸில் நீருக்குள் தொங்கிய உருளையின் தூரத்து உறவுக்காரன்தான் இது.

படிப்பது யார்? கிராணி. பாலின் மேலே நுரை நிற்கும், கோடு எங்கே என்று நுரை தெரியவிடாது. நின்று பார்த்துச் சரியா என்று சொல்ல, வெட்டுக்காரருக்கு அந்த எண்களும் தெரியாது, நேரமும் கிடையாது. மழை விழுந்த நாளில் பால் நீர்த்துப்போகும், குறைந்த எண் நியாயமாகவே வரும். மழை இல்லாத நாளிலும் குறைந்த எண் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? நுரையை ஒதுக்கிவிட்டுப் படித்தாரா, நுரையோடு படித்தாரா என்பது அவருக்கும் அந்த மானிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

என் பாட்டி இருபத்தெட்டு வருஷம் பால் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. தன் வாளியின் உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தாராம், அம்மா சொல்கிறார். பால் அந்தக் கோட்டைத் தொட்ட நாட்களை மட்டும் அவர் ஞாபகம் வைத்துக்கொள்வார். சாயங்காலம் பக்கத்து நிரை வெட்டுக்காரி வந்ததும், “எனக்கு இன்னிக்குக் கோடு தொட்டுச்சு, உனக்கு எவ்ளோ எழுதுனான்?” என்று கேட்பாராம்.